கட்டையை எடுத்தவன்

என் அப்பா மெரில் ஹேட்லாக் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்துகளுக்கு பிரேக் பார்த்தவர். ஐடஹோவில் எங்கள் ஊர் உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருக்கிறது. சரிவு என்று சொல்லிக்கொள்ள வாய்க்கால் கரை மட்டும்தான். அந்தச் சமதரையிலும் கொட்டகையில் நிற்கும் ஒவ்வொரு பேருந்துக்கும் சக்கரக் கட்டை வைப்பார். "வண்டிக்கு மனசு கிடையாது. பள்ளம் கெடச்சா போயிடும்" என்பார். அவ்வளவு நீளமாக அவர் பேசுவதே அபூர்வம்.

மலைக்குப் போக எங்களிடம் ஒரு மடக்கு டிரெய்லர் இருந்தது. மூடினால் இடுப்புயரப் பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் கட்டிலை வெளியே இழுத்தால் கித்தான் விரிந்து கூடாரமாகும். நான் பிறப்பதற்கு முன்பு ஒருமுறை அது உருண்டு அம்மாவின் காலில் ஏறி இரண்டு விரல்களை முறித்துவிட்டது. அதன் பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. போய்ச் சேர்ந்ததும் அப்பா சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "நிக்குது!" என்று கூவுவார். அதைக் கேட்ட பிறகே அம்மா முன்னால் பிக்கப் வண்டியோடு பிணைத்த கொக்கியைக் கழற்றுவாள். கிளம்பும்போது தலைகீழ். அம்மா கொக்கியைப் பூட்டி "பூட்டியாச்சு!" என்று சொல்ல வேண்டும், பிறகுதான் அப்பா கட்டையை எடுக்க வேண்டும்.

அம்மா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. குரல் போதும் அவளுக்கு. "திரும்பிப் பாக்கணும்னா எதுக்கு இவரக் கட்டிக்கிட்டேன்?" என்பாள்.

போன ஆகஸ்டில் ஆணி வாங்கப் போன அப்பாவை இரண்டு ஊர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கில் கண்டுபிடித்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, யாரோ வந்து அழைத்துப் போவார்கள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அக்கா ஜேனலீ பாய்சி நகரத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவிட்டாள். உள்ளே இருப்பவர்கள் தாங்களாகத் திறக்க முடியாத கதவுகள் அங்கே.

அம்மா போனில் மல்லுக்கு நின்றாள். "தலைதான்டி மறக்குது அவருக்கு, கை மறக்கல. ஒரே ஒரு தடவை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். டிரெய்லரை அவரே விரிச்சு அவரே மடக்கட்டும். யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. தப்பில்லாம செஞ்சார்னா பனி உருகற வரைக்கும் அவர் வீட்லதான்."

"தப்பு பண்ணா?"

"அப்புறம் நீ சொல்றபடி."

அக்கா என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். "கோல்பி, நீ கூடப் போ. நடந்ததைப் பாத்து எனக்குச் சொல்லு. உனக்கு உண்மையைச் சொல்லவே வாய் வராது. பொய் எங்கேருந்து வரப்போகுது?"

வெள்ளிக்கிழமை மதியம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் இடம் பின்பக்கம் ஏரியை நோக்கிச் சற்றே சரிந்திருந்தது. அப்பா மண்டியிட்டார். கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, குதிகாலால் உதைத்து இறுக்கினார். தகரத்தில் இரண்டு தட்டு. "நிக்குது!" குரல் அக்கரைப் பைன் மரங்களில் பட்டுத் திரும்பியது.

முதுகைக் காட்டி நின்ற அம்மா கொக்கியைக் கழற்றினாள். "கிழவன் இன்னும் சாகல" என்றாள்.

"செத்தா கட்டைய யாரு வெக்கறது?" என்றார் அப்பா.

கூரையைத் தூக்கினார், கட்டில்களை இழுத்தார், கித்தானின் ஒவ்வொரு கொக்கியையும் மாட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை இரண்டு டிரௌட் மீன் பிடித்தார். என்னை மூன்று முறை "டீன்" என்று கூப்பிட்டார். டீன் அவருடைய தம்பி. ஆற்றோடு போனவர். அம்மா மீனைத் திருப்பிப் போட்டபடி என் காதருகே, "இது கணக்குல வராது" என்றாள்.

ஞாயிறு காலை கித்தான்மேல் உறைபனி. வெயில் ஏறிக் காயும் வரை காத்திருந்து, அப்பா எல்லாவற்றையும் மடக்கினார். கூரை இறங்கியது. அம்மா பிக்கப்பைப் பின்னோக்கி நெருக்கி நிறுத்திவிட்டு, டிரெய்லரின் முன்பாரத்தைத் தாங்கும் சிறுசக்கர ஜாக்கியைப் பிடித்துக் குனிந்தாள். கொக்கி இன்னும் பூட்டவில்லை.

அப்பா இடது கட்டையை உருவினார். பிறகு வலதையும்.

பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். ஒரு சொல் போதும். சொன்னால் அவர் தோற்றுவிடுவார். சொல்லாவிட்டால் ஒருவேளை வண்டி நகராமல் இருக்கும். அந்த ஒருவேளையில் நின்றுவிட்டேன்.

அப்பா தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். "நிக்குது!"

வெள்ளிக்கிழமைக் குரல் அது. "தெரியும் கிழவா" என்று சிரித்தபடி அம்மா, திரும்பிப் பார்க்காமல், டிரெய்லரின் முன்பக்கத்தைக் கொக்கிமேல் இறக்க ஜாக்கியைச் சுழற்றினாள். டிரெய்லர் பின்னால் போனது, முதலில் மெதுவாக. அவள் பிடியை விட்டிருக்கலாம். விடவில்லை. பாறைவரை இழுத்துக்கொண்டு போய் அவளைப் போட்டுவிட்டு, அது ஒரு மரத்தில் மோதி நின்றது.

அப்பா ஓடினார். இரண்டு கையிலும் இரண்டு கட்டை. அம்மாவைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கத்தினார்: "யாருடா கட்டைய எடுத்தது?"

அம்மாவின் முகம் சாம்பலாக இருந்தது. "கோல்பி" என்றாள். அவ்வளவுதான்.

"நான்தான்ப்பா" என்றேன்.

"அவ பூட்டியாச்சுன்னு சொல்லாம எடுக்கலாமாடா? இதைக்கூடவா கத்துக்கல நீ?" அழுதார். கட்டைகளைக் கீழே போட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி அவள்மேல் போர்த்தினார்.

ஆஸ்பத்திரி நடையில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். "அப்பா எல்லாம் சரியாப் பண்ணார். கட்டைய நான்தான் முன்னாடியே எடுத்துட்டேன்."

"நீயா?"

"நான்தான்."

"மடையா" என்றாள். நம்பிவிட்டாள்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். எனக்கோ கிழங்கு அறுவடை, பன்னிரண்டு மணி நேர வேலை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டிலிருந்து அப்பா இரண்டு முறை டிரெய்லரைத் தேடி நெடுஞ்சாலைக்கு நடந்துவிட்டார். அக்டோபர் மூன்றாவது வாரம் அக்கா காரோடு வந்தாள்.

"அவர் ஜெயிச்சாரேடி" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"ஜெயிச்சார்ம்மா. யாரு பாத்துக்கறது?"

அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தன் தொப்பியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, ஊர்சுற்றக் கிளம்புபவர்போல் காரில் ஏறினார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவின் பெயர் அவருக்கு வருவதில்லை. அவள் ஊன்றுகோலோடு போய் எதிரே உட்கார்ந்தால், "அம்மா, நீங்க யாரப் பாக்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார். என்னை மட்டும் தெரிகிறது. கதவருகே பார்த்ததும் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் விரலை நீட்டிச் சொல்கிறார்: "இவன்தான். கட்டைய எடுத்தவன்."

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அப்பா என்னை அருகே இழுத்து, குரலைத் தாழ்த்துகிறார்.

"போகட்டும்டா. அடுத்த தடவை அவ குரல் கேட்டப்புறம் எடு."

"சரிப்பா" என்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும்.