சேர்த்து எழுதிய எண்ணெய்

கோவில்பட்டி மார்க்கெட்டில் சுதாராணி எண்ணெய்க்கடை போட்ட நாளிலிருந்து, பக்கத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எனக்குப் பொழுது நன்றாகவே போகிறது. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் கையில் கள்ளம் கிடையாது. டின்களின் அடியில் மிஞ்சும் எண்ணெயை எல்லாம் ஒன்றாகக் கலந்து, சாமி விளக்குக்கு மட்டும் என்று வாயாலேயே சொல்லி மலிவாக விற்பாள்.

தொண்ணூற்றேழில் அவளுக்கு லேபிள் ஆசை வந்தது. "விளக்கு எண்ணெய்னு போடுங்க அண்ணாச்சி" என்று அச்சகத்து இசக்கியப்பனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவரோ இலக்கணம் பிசகாத மனிதர். இரண்டு சொல்லையும் சேர்த்து 'விளக்கெண்ணெய்' என்று பளபளப்பாக அடித்துக் கொடுத்துவிட்டார். சுதாராணி வீட்டில் அதை ஆமணக்கெண்ணெய் என்றுதான் சொல்வார்கள். அதனால் அவளுக்கு உறைக்கவில்லை. லேபிள் பிரமாதம் என்று நான் வேறு மெச்சினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கலப்பட எண்ணெய் பிடிக்க உணவு ஆய்வாளர் மார்க்கெட்டுக்கு வந்தார். சுதாராணி கடையில் ஒரு பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். ஆமணக்கு வாசமே இல்லை. அலமாரியில் இருந்த அத்தனை பாட்டிலையும் பெட்டியில் அடுக்கி சீல் வைக்கச் சொன்னார்.

சுதாராணி சாமியாடிவிட்டாள். "விளக்குல ஊத்துத எண்ணெய்ல என்ன சார் கலப்படம்? இத யாரு குடிக்கப் போறா?"

"லேபிள வாசிங்கம்மா. விளக்கெண்ணெய்னு போட்டிருக்கு. யாராவது பச்சப்பிள்ளைக்குப் புகட்டிட்டா?"

வாசித்தாள். முகம் செத்துப்போயிற்று. பசுவந்தனை பானு, முந்தின நாள்தான் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, அந்தப் பாட்டிலைக் கைகாட்டி வாங்கிப் போயிருந்தாள். கூட்டத்தில் எதற்கு என்று சுதாராணி கேட்கவில்லை.

கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு பசுவந்தனைக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டாளாம்.

பானு வீட்டில் தொட்டில் அசையாமல் தொங்கியது.

"ஏட்டி பானு, அந்த எண்ணெயப் பிள்ளைக்குக் குடுத்தியா?"

"காலைல குடுக்கத்தான் போனேங்க்கா. செவ்வாக்கிழமை வேண்டாம், நாளைக்குக் குடுன்னு எங்க அத்த தடுத்துட்டாவ. ஏன், என்ன?"

சுதாராணி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தச் சத்தத்தில் தொட்டில் பிள்ளை விழித்து அதுவும் அழுதது. அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் அவளுக்கு விஷயத்தைச் சொல்ல வாய் வந்தது. கடைசி பஸ் வரைக்கும் பிள்ளையைக் கீழே விடவில்லை.

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனாள். பானு வீட்டிலிருந்து வாங்கி வந்த பாட்டிலை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சார், இது ஒண்ணு விட்டுப்போச்சு. இதையும் சேத்து சீல் வச்சிருங்க."