மருமகனின் வெண்டிப் பாத்தி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். கிண்ணியாவில் மாமி பரீதாவின் வீட்டில் அந்தக் கணக்குச் செல்லவில்லை. கலியாணம் முடிந்து, ஊர் வழக்கப்படி மனைவி வீட்டுக்கே மூதூரிலிருந்து குடிவந்த றிகாஸ், மாதக்கணக்காகியும் விருந்தாளியாகவே இருந்தான். பூப்போட்ட பீங்கானில் சோறு வரும். மாமி கதவுக்குப் பின்னால் நின்று மகள் பஸ்மியாவிடம்தான் பேசுவார்.

"மருமகனுக்கு இன்னொரு துண்டு மீன் வை, புள்ள."

வெளியே தோணி இயந்திரம் கழற்றிப் பூட்டுகிற கை, வீட்டுக்குள் சும்மா கிடந்து ஏங்கியது.

"கதிரையில குந்திக்கொண்டே இருக்க ஏலாது, பஸ்மியா. இது என்ட வீடு எண்டு எனக்கு எப்பதான் தோணும்?"

பஸ்மியா மீன் துண்டை அவன் பீங்கானில் வைத்தாள்.

விடியுமுன் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கொல்லையில் நிற்பான். குடாவுக்கு அப்பால் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும். அரைத் தூக்கத்தில் அந்த வெறும் மணலைப் பார்த்தால், இல்லாத பந்தலில் இல்லாத கொடியெல்லாம் ஆடும். ஒருநாள் மண் வெட்ட மம்பட்டியைத் தூக்கினான்.

"அல்லாஹ்! மாப்பிள்ளை மம்பட்டி பிடிச்சா ஊர் என்ன கதைக்கும்? வாங்கி வை, புள்ள!"

மம்பட்டி மாமியின் கட்டிலடிக்குப் போனது. மணலுக்குத் தேங்காய்ச் சிரட்டை போதாதா? சிரட்டையால் கிண்டி, ஆட்டெரு கலந்து, வெண்டி விதை ஊன்றினான். தோட்டம் கண்டறியாதவன், முழங்கை ஆழத்தில் புதைத்தால் எது முளைக்கும்? மறுபடி ஊன்றினான். இந்தமுறை இரண்டு இரண்டு இலையாக எழும்பி நின்றன. கனவுதானோ என்று விரலால் தொட்டுப் பார்த்தான்.

கொஞ்ச நாளில் செடியடியில் மீன் கழுவின தண்ணீர் வாடை அடித்தது. செடிக்கு நல்ல பசளை அது. யார் ஊற்றியது? பஸ்மியா, தான் ஊற்றவில்லை என்றாள். செடிகள் கருகருவென்று வளர்ந்து மஞ்சள் பூப் பூத்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, வழக்கம்போல் கதிரையில் உட்கார்ந்திருந்தான். குசினி அடுப்படியிலிருந்து மாமியின் சத்தம்.

"மருமகன்! சும்மாதானே இருக்கீங்க? பிஞ்செல்லாம் முத்தப் போகுது. நாலு வெண்டிக்காய் ஆஞ்சிட்டு வாங்க, சட்டியில மீன் ஆணம் கொதிக்குது!"

உம்மா நேரடியாகவே மாப்பிள்ளைக்கு வேலை ஏவிவிட்டாரே என்று பஸ்மியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். றிகாஸ் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். சந்தோஷத்தில் எந்தக் காயைப் பறிப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சோறு, வீட்டார் சாப்பிடுகிற விளிம்புடைந்த பீங்கானில் வந்தது. மீன் ஒரே துண்டுதான். அவன் பீங்கானை வழித்து வழித்துச் சாப்பிட்டான்.