உறைக்குள் போன குதிரை

போன வாரம் கடலூர் தாலுகா ஆபீஸில் ஒரு மனுவை உறைக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பயம் வந்துவிட்டது. மனுவில் பயப்பட ஒன்றுமில்லை. பட்டாவில் பெயர் மாற்றம், அவ்வளவுதான். பயம் பழைய பயம். பசை வாசனை வந்தால் என் வயிறு மட்டும் இன்னும் செஸ் ஆடுகிறது.

ஒத்திவைத்த ஆட்டம் என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அப்போதெல்லாம் செஸ் ஆட்டம் நேரத்துக்குள் முடியாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். யாருடைய முறையோ அவர் அடுத்து ஆடப்போவதை, காயைத் தொடாமல், எதிராளிக்குக் காட்டாமல், ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் அதைப் பிரிப்பார். எழுதியது எழுதியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே எனக்கு அணியில் இடம். இடம் கிடைத்துவிட்டதாகவே ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தேன். எதிரே சிதம்பரத்து டிராயிங் மாஸ்டர் ஸ்டீபன். அவரிடம் ராஜாவோடு ஒரு பிஷப், இரண்டு சிப்பாய். என்னிடம் ராஜாவும் ஒரே ஒரு குதிரையும். வாட்ச்மேன் ஹாலைப் பூட்ட சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார். என் முறை. உறையை நீட்டினார்கள். பதற்றத்தில், குதிரைக்கு எட்டிய சிப்பாயை வெட்டுவதாக எழுதி ஒட்டிவிட்டேன். சைக்கிளில் பாதி வழி வந்த பிறகுதான் புரிந்தது, அந்தச் சிப்பாய்க்கு அவருடைய ராஜா காவல் நிற்கிறார். குதிரை போய்விடும். நான் மொட்டை ராஜாவோடு நிற்பேன்.

மறுநாள் வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். பாதிக்கு மேல் நிஜம். நேராக சிதம்பரம் பஸ் ஏறினேன். அங்கே கீழவீதியில் என் மாமன் மகன் கலியபெருமாள் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு அன்றைக்கு அவ்வளவு மரியாதை. சாமி அறை மாதிரி ஊதுபத்தி வேறு. அவனிடம் ஒரு ஃபிளாப்பியில் செஸ் புரோகிராம் இருந்தது. காய்களை அடுக்கிக் கொடுத்தால் யார் எவ்வளவு முன்னால் இருக்கிறார்கள் என்று ஓர் எண்ணைக் காட்டும். நான் வெட்டுவதாக எழுதியதைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக்கு நாலரை. வெள்ளை ஸ்டீபன். நாலரை என்றால் எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அது போதாதென்று கலியபெருமாள் இன்னொரு குண்டைப் போட்டான். “அந்த டிராயிங் வாத்தியாரும் வராரு மச்சான். உனக்குக் காலையில, அவருக்கு சாயங்காலம்.”

ஊரிலேயே செஸ் தெரிந்த பெட்டி அது ஒன்றுதான். ரிப்பேர் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சினேன். “அவரு கஸ்டமரு. நீ ஓசி,” என்றான். அவர் என்ன பார்த்தார் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டான். சிரித்துக்கொண்டே போனார் என்று மட்டும் சொல்வான். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து இரண்டு நாள் நான் மோர்சாதம்தான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி போனேன். என் மூளையை நம்பாமல் இரண்டு பக்கமும் நீயே ஆடு என்று பெட்டியிடம் விட்டுவிட்டேன். நாலரை ஐந்தானது. ஐந்து ஆறானது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கலியபெருமாளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது. வேர்க்கடலை உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: “நம்பரு ஏறிக்கிட்டே போவுது மச்சான். ஆனா உன் ராஜா அந்த மூலையிலயேதான குந்தியிருக்காரு?”

திரும்பிப் பார்த்தேன். குந்தித்தான் இருந்தார். அந்த மூலைக் கட்டம் கறுப்பு. ஸ்டீபனின் பிஷப் ஜென்மத்துக்கும் வெள்ளைக் கட்டத்தில் மட்டும் போகிற ஆசாமி. மிச்சமிருக்கும் ஓரத்துச் சிப்பாய் ராணியாக வேண்டுமென்றால் அந்த மூலைக்குத்தான் வர வேண்டும். அங்கிருந்து என்னைக் கிளப்ப அவரிடம் ஆளில்லை. ரொம்ப நெருக்கினால் எனக்கு நகர இடமில்லாமல் ஆட்டம் டிரா. பெட்டிக்குக் காய்களை எண்ணத் தெரிந்தது, இது தெரியவில்லை. நான் எப்போதோ படித்ததுதான். பயத்தில் என் பெயரே மறந்திருந்த வாரம், இதுவா ஞாபகம் இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை நடுவர் உறையைப் பிரித்தார். ஸ்டீபன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிரின்ட் அவுட்டை எடுத்தார். அந்தக்கால பிரின்டர் தாளின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டிருக்குமே, அந்தப் பட்டையைக்கூடக் கிழிக்கவில்லை. நடுவர் முறைத்ததும் மடித்து உள்ளே வைத்துவிட்டு, திருப்தியாக என் குதிரையைத் தின்றார். நான் ராஜாவை மூலைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். ஸ்டீபன் இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் வந்தார். கை தானாகப் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. கடைசியில் சிப்பாயைத் தள்ளினார். எனக்கு நகர இடமில்லை. டிரா.

வெளியே டீக்கடையில் அவர் காகிதத்தை என்னிடம் நீட்டினார். “நான் ஜெயிச்சிருவேன்னுதான் சார் போட்டிருக்கு. எப்படின்னுதான் போடல.”

முதலிலிருந்தே இது என் திட்டம் என்று அளந்துவிட்டேன். என் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. தானும் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்றார் அவர். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் சொதப்பிவிடுவோமோ என்ற பயமாம். கலியபெருமாளிடம் சிரித்ததுகூட அந்த நடுக்கத்தில்தானாம். பிறகு அந்தக் காகிதத்தைத் திருப்பி, மூலையில் குந்தியிருக்கும் ஒரு ராஜாவைப் பேனாவால் வரைந்தார். முகம் அச்சு அசல் நான்.

மாவட்ட அணிக்குப் போய் வரிசையாகத் தோற்றேன். அதை ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை.

கலியபெருமாளின் சென்டர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். செருப்போடு போகலாம். என் போனில் அதே நிலையை அடுக்கினால், கண் சிமிட்டும் முன் சைபர் என்கிறது, டிராவாம். ஒத்திவைப்பும் போய்விட்டது. உறையில்லை, நடுவில் ஒரு வாரமில்லை, எதிராளியோடு பங்கு போட்டுக்கொள்ளும் பெட்டியுமில்லை. அப்போது ஞாயிறு தொடங்கி ஞாயிறு வரை தோற்காமலாவது இருக்க முடிந்தது. இப்போதெல்லாம் தோற்பதென்றால் அன்றைக்கே தோற்றுவிட வேண்டியிருக்கிறது.