கம்ப்ரஸர் என்று எழுதினேன்

திருவொற்றியூரில், எண்ணூர் போகும் சாலையை ஒட்டி இருந்த ஒரு கார் ஏசி ரிப்பேர் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். போன் எடுக்கவும் பில் போடவும் ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, எஸ்டிமேட் சொல்வதுதான் என் முக்கியமான வேலை என்று. வண்டியைத் திறந்து பார்ப்பது மெக்கானிக் அண்ணன். என்ன மாற்றுவது என்று முடிவு செய்வது முதலாளி. அதை வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது நான். ஒரு பெண் சொன்னால் யாரும் அதிகம் பேரம் பேசமாட்டார்கள் என்பது முதலாளியின் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

முதல் வருஷத்திலேயே தொழிலின் உள்விஷயங்கள் பிடிபட்டுவிட்டன. கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ள, அது மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆனால் எங்கள் கடையில் ஒழுகல் எங்கே என்று கேட்டவர்களுக்குத்தான் தேடிப் பார்ப்போம். கேட்காதவர்களுக்குக் கேஸ் மட்டும் நிரப்பி அனுப்புவோம். அடுத்த கோடையில் அவர்கள் திரும்ப வருவார்கள். நானும் சிரித்தபடி வாங்க சார் என்பேன்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த அன்று, நான் போன் செய்த பத்தாவது நிமிஷம் எர்ணாவூரில் எங்கள் வீட்டு வாசலில் தன் வண்டியோடு நின்றவர் அவர்.

ஒரு சித்திரை மாத மதியம் அந்தப் பெரியவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். பழைய சின்னக் கார், ஆனால் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். முன் சீட்டில் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் சிட்டிக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அது முடிந்து வரும்போது உடம்பில் தெம்பே இருக்காது, வெயில் பட்டாலே மயக்கம் வரும் என்று சொன்னார்.

"ஓடிக்கினு இருக்கசொல்ல ஜில்லுனு கீதும்மா. கண்டெய்னர் லாரி க்யூல போய் நின்னா போதும், அனலா அடிக்குது" என்றார்.

இருவரையும் ஆபீஸ் அறையில் உட்காரவைத்துவிட்டு, வண்டி விவரம் எழுதிய ஜாப் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு என்று நான் சொன்னதுமே முன்னால் இருக்கும் விசிறியைப் பார்த்தார். வண்டி ஓடும்போது காற்று தானாக வந்து மோதும். நிற்கும்போது அந்த விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். விசிறி சுற்றவில்லை. அதற்குக் கரண்ட் விடுகிற ரிலே, தீப்பெட்டி அளவுகூட இல்லாத கறுப்புப் பெட்டி, அதைப் பிடுங்கினார். பக்கத்தில் ஹாரனுக்கு இருந்த அதே மாதிரி ரிலேயை எடுத்து அந்த இடத்தில் செருகினார். விசிறி சுற்றியது. ஐந்து நிமிஷத்தில் உள்ளே கை வைத்தால் சில்லென்று இருந்தது. புது ரிலேயின் விலை ஒரு ஆள் பிரியாணி சாப்பிடுகிற காசுகூட வராது.

முதலாளி வந்து பார்த்தார். அந்த மாதம் கடையில் வேலையே இல்லை. வாடகையை வேறு ஏற்றியிருந்தார்கள். வண்டி பத்து வருஷம் பழசு, கம்ப்ரஸர் என்றைக்கிருந்தாலும் போகப் போகிறது, இப்போதே மாற்றிக்கொள்ளட்டும் என்றார். ரிலேயைப் பழையபடி மாற்றிவைக்கச் சொன்னார். மெக்கானிக் அண்ணன் குனிந்து மாற்றிவைத்தார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதும்மா."

கம்ப்ரஸர், கண்டன்ஸர், கேஸ், லேபர் என்று வரிசையாக எழுதினேன். முப்பத்திரண்டாயிரம் வந்தது. பெரியவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர்தானா, நன்றாகப் பார்த்தார்களா என்று கேட்டார்.

"பாத்துட்டோம் சார். அதான் போயிருக்கு" என்றேன்.

அந்த அம்மா அதுவரை கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். என் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்து, நான் எந்தப் பக்கம் என்று கேட்டாள். எர்ணாவூர் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவளும் எர்ணாவூர்தானாம், கல்யாணமாகி ராயபுரம் போனவளாம்.

"நம்ம பக்கத்துப் பொண்ணு. அது இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போவுது? வா போலாம்" என்று கணவரிடம் சொன்னாள்.

பென்ஷன் பாக்கி கொஞ்சம் வரவேண்டியிருக்கிறது, வந்ததும் செய்துகொள்கிறேன் என்று பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

ஒரு மாதம் கழித்து, வங்கிக்குப் போவதற்காக ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். லாரி வரிசையில் எங்கள் ஆட்டோவும் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் அந்தக் கார். கண்ணாடிகள் பாதி இறங்கியிருந்தன. அந்த அம்மா தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தாள். அவள் காலடியில் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி. காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்கி அதில் நிரப்பியிருந்தார் பெரியவர். அவள் இரண்டு பாதங்களையும் அந்த ஐஸின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரிப் புகை நேராக முகத்தில் அடித்தது. பெரியவர் அவளிடம் ஏதோ சத்தமாகச் சொன்னார். அவள் பதில் சொல்லாமல் ரோட்டைப் பார்த்தாள்.

நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். தூசிக்கு மூடுகிறேன் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவர் நம்பர் ஜாப் கார்டில் இருந்தது. அன்றைக்கே போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் செய்துவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். அதைவிட, அந்த அம்மாவிடம் என்னவென்று சொல்வது? இப்படி நாளைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓட்டினேன். அதற்குள் வெயிலே தணிந்துவிட்டது.

கடைசியில் மெக்கானிக் அண்ணனிடம்தான் சொன்னேன். அவர் தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு புது ரிலேயைக் காட்டினார். அவரும் அந்த வண்டிக்காகத்தான் வாங்கி வைத்திருந்தாராம், எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்தாராம். முதலாளி வெளியூர் போன ஒரு நாளில் போன் செய்தேன். வண்டியை ஒருதரம் கொண்டுவாருங்கள், செலவு ஒன்றும் ஆகாது என்றேன். பெரியவர், வரேம்மா என்றார்.

தனியாக வந்தார். சட்டையில் சின்னதாகக் கறுப்புத் துணி குத்தியிருந்தது. நான் கேட்பதற்கு முன் அவரே, அவள் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது என்றார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம்.

மெக்கானிக் அண்ணன் ரிலேயை மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்தார். விசிறி சுற்றியதும் என்னிடம் திரும்பினார்.

"கம்ப்ரஸர்னு சொன்னியேம்மா?"

"அன்னிக்கே தெரியும் சார்" என்றேன். "தெரிஞ்சிதான் எழுதினேன்."

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. மேலே எரியாத ட்யூப்லைட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூடிகினா வேகுதுன்னுவா, தொறந்தா தூசின்னுவா. எனக்கும் வெக்க தாங்கல. வண்டில ஏறினாலே அவளாண்ட சண்டதான். ஒரு நாளு, எறங்கி நடந்து போடின்னு நடுரோட்ல சொல்லிட்டேம்மா. அதுக்கப்புறம் வண்டில அவ வாயே தொறக்கல."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு, வண்டியை எடுக்காமல் அப்படியே இருந்தார். நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். பிறகு ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பிப் போனார்.

முதலாளி திரும்பி வந்ததும் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த அம்மா இறந்ததைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் தன்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்றார். அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் நான்கு மாதம் அங்கேதான் இருந்தேன். கம்ப்ரஸர் என்று எழுதும் ஒவ்வொரு முறையும் மெக்கானிக் அண்ணனைப் பார்ப்பேன். அவர் தலையசைத்தால்தான் எழுதுவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இப்போது காட்டுப்பள்ளியில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஆபீஸ் வேலை. கூட வேலை செய்பவர்கள் ஏசி ரிப்பேருக்குப் போகுமுன் என்னிடம் கேட்பார்கள். கேஸ் குறைவு என்று சொன்னால் ஒழுகல் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், கம்ப்ரஸர் என்று சொன்னால் பணம் கொடுக்குமுன் இன்னொரு கடையில் பாருங்கள், வண்டியைத் திறக்கும்போது ஆபீஸ் அறையில் உட்காராமல் பக்கத்தில் நில்லுங்கள் என்பேன். என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள்.

அந்த அம்மா இறந்தது வெக்கையால் இல்லை. டாக்டரே சொன்னதாகப் பெரியவர்தான் சொன்னார். அதை நான் நம்புகிறேன். ஆனால் நாற்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களின் கடைசி மூன்று மாதம் சண்டையாகப் போனதற்கு எந்த டாக்டரும் எனக்குச் சமாதானம் சொல்ல முடியாது.

போன வருஷம் ராயபுரம் மார்க்கெட் பக்கம் அவரைப் பார்த்தேன். கையில் பையோடு நடந்து வந்தார். காரை விற்றுவிட்டாராம். என்னை அடையாளம் கண்டுகொண்டு, இப்போது எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். நல்லதும்மா என்றார். இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று நின்றேன். அவரும் நான் ஏதாவது சொல்வேனோ என்று நின்ற மாதிரிதான் இருந்தது. ஒரு பஸ் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. அவர் தெரு ஓரமாக ஒதுங்கி, மெதுவாக நடந்து போய்விட்டார்.