ஓமினுக்கு முன்னால்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. ஓஷ் நகரத்தில் இறங்கி மமசாதிக் என்று கேட்டால், யாரும் என் லாரிக் கொட்டகைக்கு வழி சொல்வார்கள். ஓட்டை லாரி ஒன்றை வாங்கி, என்ஜினை நானே பிரித்துக் கோர்த்து, மலைப்பாதையில் ஓட்டி ஓட்டியே இன்று கொட்டகை நிறைய வண்டி நிற்கிறது. படித்தவர்கள்தான் என்னிடம் வந்து வண்டி கேட்கிறார்கள். நான் அவர்களிடம் போய் எதையும் கேட்டதில்லை.

ஆனால் இது என்னைப் பற்றியது அல்ல. பஜாரில் திரைச்சீலைத் துணி விற்கிறாளே ஜிபெக், அவளைப் பற்றியது. அவளிடம் பேரம் பேசுகிறவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஜிபெக் நூகாட் பக்கத்துப் புகையிலை வீட்டுப் பெண். சின்ன வயதில் இலை கோர்த்துக் கோர்த்து விரல் கறுத்துக் கிடந்தவள். அந்த விரலோடு பல்கலைக்கழகத்துக்கு வந்து, உயிரியல் படித்து, அங்கேயே ஒப்பந்தத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆய்வுப் பட்டம். அது கிடைத்தால் வேலை நிலைக்கும், கிடைக்காவிட்டால் ஜூனில் ஒப்பந்தம் முடிந்துவிடும்.

பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமை தோறும் ஒரு கூட்டம் நடக்கும். பரிணாமமும் பழைய எலும்புகளும் பற்றிய விவாதக் குழு. தலைவர் பேராசிரியர் சபராலி. பத்கென் பக்கத்து ஓடைகளுக்கு என் லாரியில்தான் கல் பொறுக்கப் போவார்கள், வருவார்கள். அந்த உறவில் என்னையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அறையில் நான்தான் வயதில் மூத்தவன். அதனால் கதவுக்கு எதிர்ப்புறம், மரியாதை இருக்கையில் என்னை உட்கார வைப்பார்கள். நடுவில் விரிப்பு, ரொட்டி, ஆட்டுவால் கொழுப்பு வைத்துச் சுட்ட சம்சா, தேநீர். ஜிபெக் கதவோரம் உட்கார்ந்து ஊற்றிக்கொடுப்பாள்.

நான் சும்மா உட்கார்ந்திருந்ததாக நினைக்க வேண்டாம். கால் எப்படி இறக்கையாயிற்று என்று ஒருநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். "புதுசா யாரு செய்யிறா? பழைய வண்டியில கழட்டினதை ராவி வேற வேலைக்கு மாட்டுறதுதான்" என்றேன். அடுத்த வாரம் சபராலி அதையே வகுப்பில் சொன்னாராம், என் பேரை விட்டுவிட்டு.

விவாதம் என்று பேர்தானே ஒழிய, நடப்பது நம் வீட்டு விருந்து மாதிரிதான். மூத்தவர் முதலில் பேசுவார். பிறகு வயதுப்படி கீழே இறங்கும். ஜிபெக்கின் முறை கடைசி. அதற்குள் சபராலி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மமசாதிக் அண்ணே, கையை விரிங்க, நேரமாச்சு" என்பார். நான் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்வேன். எல்லோரும் "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொள்வார்கள். ஓமினுக்குப் பிறகு ரொட்டியையும் தொடக் கூடாது, பேச்சையும் தொடக் கூடாது. எங்கள் ஊரில் குடிகாரன்கூட அதை மீறமாட்டான்.

ஒரு கோடையில் ஜிபெக் ஓடையில் ஒரு பலகைக் கல்லைப் பிளந்தாள். உள்ளே உள்ளங்கை நீளத்தில் பல்லி போன்ற ஒன்று. பின்னங்கால்களை ஒட்டி விசிறி மாதிரி மெல்லிய கோடுகள். பல கோடி வருடத்துக்கு முந்தையது என்றாள். இரண்டு குளிர்காலம் ஊசியால் சுரண்டிச் சுரண்டிக் கல்லைச் சுத்தம் செய்தாள். அவள் கணக்கு இது. அந்தக் கோடுகள் தோல். அந்தப் பிராணி பின்னங்கால் தோலை விரித்து மரத்துக்கு மரம் காற்றில் மிதந்திருக்கிறது.

சபராலி அதை மீன் துடுப்பு என்றார். பல்லியின் காலுக்கு மேலே ஒரு மீன் விழுந்து படிந்ததாம். அவருக்கு வேறு வழியில்லை. அந்த ஓடைப் பாறையில் ஒரு காலத்தில் அங்கிருந்த ஆழமான ஏரியின் பிராணிகளைத் தவிர வேறெதுவும் கிடைக்காது என்று இளமையில் புத்தகமே எழுதியவர். தண்ணீரில் நீந்திய பல்லி என்றால் அவருக்குப் பரவாயில்லை. மரத்திலிருந்து மிதந்து வந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் புத்தகம் போயிற்று.

குழு ஏற்றுக்கொண்டால்தான் கட்டுரையைத் துறை வெளியே அனுப்பும். கட்டுரை போனால்தான் பட்டம். அதற்காக மே மாதத்து ஒரு வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. அதற்கு முந்தின வாரம் ஓடையிலிருந்து திரும்பும்போது லாரியில் என் பக்கத்தில் ஜிபெக் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் எர்னிஸ். அவனும் ஒப்பந்த ஆசிரியன், அவளோடு படித்தவன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"வண்டிதானே? எடுத்துக்க."

"வண்டி வேணாம். உங்க கை வேணும்."

"என் கையா? இந்த வயசுலயா? என் பொண்டாட்டி காதுல விழுந்தா கொன்னுடுவா, தாயீ!"

எர்னிஸ் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"வர்ற வியாழக்கிழமை நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கையை விரிக்காதீங்க. அவர் சொன்னாலும் விரிக்காதீங்க. நீங்க விரிக்காம வேற யாரும் ஓமின் சொல்ல முடியாது. நீங்கதான் மூத்தவர்."

"இவ்வளவுதானா? கையை ரெண்டு பாக்கெட்லயும் சொருகிக்கிறேன், போதுமா?"

நான் கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் அல்ல. என்னோடு தொழில் செய்த யாரையும் கேட்டுப் பார்க்கலாம்.

அந்த வியாழக்கிழமை உள்ளே நுழைந்தேன். என் இருக்கையில் வேறு ஒருவர். சபராலியின் தாய்மாமன் எஷ்மத், உஸ்கெனிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டியவர். இரண்டு காதும் கேட்காது.

"மாமாவுக்கு விஞ்ஞானம்னா உசிரு" என்றார் சபராலி.

"என்ன விஞ்ஞானம், மாமா?" என்று நான் கிழவரின் காதில் கத்தினேன்.

"நல்ல கொழுப்பு. ஆட்டுவாலு" என்றார் அவர், சம்சாவைக் கடித்தபடி.

லாரியில் பேசியது எப்படி வெளியே போயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. எர்னிஸ் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கிழவர் தின்றுகொண்டிருந்ததால் முதல் முறை எனக்கு வந்தது. "எனக்குப் பொண்ணு பேசறதைக் கேக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சபராலி மீன் துடுப்பு என்று பேசினார். அடுத்தவர் மீன் துடுப்பு என்றார். எர்னிஸ், "ஐயா சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்றான். முறை கதவுக்கு வந்தது. ஜிபெக் கெண்டியைக் கீழே வைத்தாள். துணியைப் பிரித்துக் கல்லைக் கையில் எடுத்தாள்.

"இந்தக் கோடுகளைப் பாருங்க. மீன் மேல விழுந்திருந்தா கோடு எலும்பைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு கோடுகூட தாண்டல. ஒவ்வொண்ணும் எலும்புலேருந்துதான்..."

சபராலி குனிந்து மாமனின் முழங்காலைத் தொட்டார். கிழவர் திடுக்கிட்டு, சாப்பாடு முடிந்தது என்று நினைத்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

"மந்தை பெருகட்டும். மழை பெய்யட்டும். வீடு நிறையக் குழந்தைங்க ஓடட்டும். டீ ஊத்துற இந்தப் பொண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை அமையட்டும். ஓமின்!"

அறை முழுக்கக் கைகள் விரிந்தன. நான் விரிக்கவில்லை. பாக்கெட்டில்தான் வைத்திருந்தேன். ஜிபெக் கையில் கல் இருந்தது. அவள் அதை ரொட்டிகளுக்கு நடுவே விரிப்பில் வைத்தாள். வைத்துவிட்டு, அவளும் கைகளை விரித்து முகத்தைத் தடவிக்கொண்டாள்.

"பெரியவர் முடிச்சு வச்சுட்டார். எழுந்திருப்போம்" என்றார் சபராலி.

"என்ன முடிஞ்சுது? பொண்ணு வாயைத் திறந்து ஒரு நிமிஷம் ஆகல! உங்க மாமாவுக்கு இடி விழுந்தாலே கேக்காது, அவர் விவாதத்தை முடிக்கிறாரா?"

"மமசாதிக் அண்ணே, ஓமினுக்கு அப்புறம் பேசுற பழக்கம் உங்க கொட்டகையில இருக்கலாம். இது பல்கலைக்கழகம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"என் கொட்டகையில எவனும் பாதி வேலையில ஸ்பானரைக் கீழ வைக்க மாட்டான். பேசும்மா ஜிபெக்! நான் இருக்கேன், பேசு!"

நான் எச்சில் துப்பியது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜிபெக் கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் அண்ணே. பெரியவர் முகத்தைத் தடவிட்டார்."

ஜூனில் ஒப்பந்தம் முடிந்தது. இருந்த ஒரு நிலையான இடம் எர்னிஸுக்குப் போயிற்று. கல் 'மீன் துடுப்பு' என்ற சீட்டோடு மர இழுப்பறைக்குள் போயிற்று. ஜிபெக் அக்காவின் துணிக்கடையில் சேர்ந்து, பிறகு அதையே எடுத்து நடத்தினாள். கிழவரின் ஆசியில் மாப்பிள்ளை மட்டும் பலித்தது. அவனும் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே குடும்பம் வைத்துக்கொண்டான்.

சில வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டி என்னுடையதுதான். இழுப்பறைகளைத் திறந்து பார்த்தவர்கள் அந்தக் கல்லைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பக்கத்தில் நின்ற சபராலி, "இதைப் பத்தி எங்க குழுவில நாங்க எப்பவோ விவாதிச்சுட்டோம்" என்றார். பொய் என்று சொல்ல முடியாது. கட்டுரை வெளிவந்தது. அந்தப் பிராணிக்குப் புதுப் பெயர், ஆசிரியர் வரிசையில் சபராலி, எர்னிஸ். கல்லைக் கண்டெடுத்தது 'பல்கலைக்கழகக் குழு'. முற்றத்தில் கூடாரம் போட்டுக் குதிரை அடித்து விருந்து வைத்தார்கள். நான் போகவில்லை. இறைச்சிக்கு வழியில்லாதவனா நான்?

கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். ஜிபெக் கையிலிருந்த கத்தரியை வைத்துவிட்டு, நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. தோலுன்னே போட்டிருக்காங்க. படமும் தெளிவா வந்திருக்கு."

"நல்லாவா? உன் பேரு எங்க? வா, பத்திரிகைக்காரன்கிட்ட போவோம். நான் சாட்சி. அன்னைக்கு அந்த அறையில கையை விரிக்காத ஒரே ஆள் நான்!"

"அன்னைக்கு விரிக்கல. அதுக்கு முன்னாடி எத்தனை வியாழக்கிழமை நீங்க விரிச்சீங்க, அண்ணே? ஒரு தடவையாவது, அந்தக் கதவோரத்துப் பொண்ணு பேசிட்டாளான்னு திரும்பிப் பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. கூப்பிட்ட இடத்துக்குப் போனேன், சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். அதில் என் தப்பு என்ன இருக்கிறது? அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"உங்களைக் குத்தம் சொல்லல. சபராலி ஐயாவையும் சொல்லப்போறதில்ல" என்றாள். "அந்தக் காது கேக்காத கிழவன் கையை விரிச்சதும் என் கை தானா விரிஞ்சுதே. கல்லைக் கீழ வச்சுட்டு விரிச்சேன். அதை எந்தப் பத்திரிகையில போய்ச் சொல்லுவீங்க?"

ஒரு பெண் வந்து வெள்ளை வலைத்துணி கேட்டாள். ஜிபெக் காகிதங்களை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"கொண்டு போயிடுங்க அண்ணே. இங்க கிடந்தா துணியில மை ஒட்டும்."