முக்கால் அங்குலம்

மைதானத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தபோது புவனாவின் போன் வந்தது. "சார், மரகதம் அக்கா தவறிட்டாங்க" என்றாள். வலையை அப்படியே விட்டுவிட்டு உழவர்கரைக்கு வண்டியை எடுத்தேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலை பார்த்த மில் மூடியபின் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்தவர். நான் பயிற்சி தரும் பெண்கள் கைப்பந்து அணிக்கு அவர்தான் சட்டை தைத்தார். ஸ்மால், மீடியம் என்ற கதையே அவரிடம் கிடையாது. வருடாவருடம் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்கவைத்து அளந்து, பெயர் போட்டு நோட்டில் எழுதுவார். எனக்கு அது வெட்டி வேலையாகத் தெரிந்தது.

தவளக்குப்பத்திலிருந்து வந்த புவனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளைப் போல் ஓங்கி அடிக்க அணியில் ஆளில்லை. முதல் வருடம் அவள் சட்டை ஒரு பக்கம் இறங்கி நின்றது. தையல் கோணல் என்று திருப்பி அனுப்பினேன். அக்கா மறுபடி அளந்து, வலத்தோளில் அரை அங்குலம் கூட்டித் தைத்துக் கொடுத்தார். சட்டை நேராக உட்கார்ந்தது. "நிமிர்ந்து நில்லு" என்று அவளைப் பார்த்து நான் தினமும் கத்துவது மட்டும் நிற்கவில்லை.

மறுவருடம், தேர்வுப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அக்கா நோட்டோடு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, கோணல் சட்டையில இல்ல, புள்ள முதுகுல இருக்கு. போன வருசம் அரை அங்குலம், இப்ப முக்கா. நான்தான் துணியில மறைச்சிட்டேன்."

போட்டி முடியட்டும் என்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அக்கா நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். சட்டை வாங்கப் போன அன்றுதான் பதில் கிடைத்தது.

"ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க. பன்னெண்டு சட்டையும் அப்பறம்தான்."

கெஞ்சினேன், கோபப்பட்டேன். அவர் அசையவில்லை. வேறு வழியில்லாமல் புவனாவையும் அவள் அம்மாவையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது என்றார். ஆட்டத்தால் வந்ததல்ல, நிமிரச் சொன்னால் சரியாவதும் அல்ல. வளரும் வயதில் விட்டால் கூடிவிடும், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். அத்தனை நாள் அவளைத் திட்டியதை நினைத்துத் தலை குனிந்தேன். வளைவு கூடாமலிருக்க, வளர்த்தி நிற்கும்வரை முதுகுக்குப் பெல்ட் போட வேண்டும் என்றதும் புவனா அழுதுவிட்டாள். ஆடும்போது கழற்றலாம் என்ற பிறகே அழுகை நின்றது.

அன்றே பன்னிரண்டு சட்டைகளும் வந்தன. பெல்ட் உறுத்தாமலிருக்கப் பக்கத்தையல் இல்லாத பருத்தி உள்சட்டைகளையும் அக்கா தைத்துக் கொடுத்தார். அது முதல் எந்தப் பிள்ளைக்கும் அளவெடுக்கும் முன் குனியச் சொல்லி, முதுகு ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் என்றால் எனக்குச் சொல்லி அனுப்புவார். நான் உடனே அந்தப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன்.

புவனாவின் தோள் வித்தியாசம் அடுத்த வருடமும் முக்கால் அங்குலம். வளர்த்தி நின்று பெல்ட்டைக் கழற்றிய வருடமும் அதே முக்கால். அக்கா நோட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"கூடல பாருங்க. ஜெயிச்சிட்டோம்."

அந்த வருடமே புவனா புதுச்சேரி அணிக்கு ஆடினாள். கோப்பை வாங்கிவந்த அன்றுகூட அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசி ஊர்வலத்துக்குப் பிள்ளைகள் எல்லோரும் அவர் தைத்த சட்டையில் வந்தார்கள். நான் மறைக்காமல் அழுதேன். அளவு நோட்டை அக்காவின் மகள் எடுத்துவந்து, புவனாவிடம் கொடுத்தார். நேற்று மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை வரிசையாகக் குனியச் சொல்லி அவள் பார்த்தாள்.

அக்கா, இந்த வருடச் சட்டையை யார் தைப்பார்கள் என்று இன்னும் தெரியவில்லை. முதுகைப் பார்த்துவிட்டோம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.