பாவா போட்ட ஆர்கன் ரெக்கார்டு

புருஷன் பேர வாயால சொல்லக்கூடாதுன்னு எங்கம்மா அடிச்சு வளத்தா. ஆனா கடை போர்டுல 'துளசிங்கம் சவுண்ட் சர்வீஸ், திருத்தணி'ன்னு ஆள் உசரத்துக்கு எழுதி வெச்சிருக்குது. ஊரே படிக்கிறத நான் ஒருத்தி சொல்லலன்னா இன்னா ஆயிடப்போவுது? துளசிங்கம். எங்க அத்த மகன். சின்ன வயசுலருந்து பாவான்னு கூப்ட்டு, கட்டிகினதுக்கு அப்புறமும் பாவாதான்.

நான் பொறந்தது பொதட்டூர்பேட்டை. வூட்டுக்குள்ளயே நாலு தறி. கண்ணு முழிச்சா தடக்கு தடக்குன்னு ஓடும், எதிர்ல நிக்கிறவங்ககிட்ட சோறு வேணும்னு சொல்லக்கூட கத்தணும். எனக்கு இந்தத் தொண்டை வந்தது அங்கதான். அறுபத்தொம்பதுல திருத்தணிக்குக் குடுக்கிறாங்கன்னதும், அப்பாடா, இனிமே காதுக்கு நிம்மதின்னு வந்தேன். பாவா மைக் செட்டு வெச்சிருக்கிறாருன்னு தெரியும். அத வூட்டு முன்ரூம்புலயே வெச்சிருக்கிறாருன்னு எவ கண்டா? நடுவுல ஒரே ஒரு செவுரு. அந்தாண்ட கடை, இந்தாண்ட என் அடுப்பு.

ஊரையே கத்த வுடற மனுஷன், தான் மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங்குன்னு மாசத்துல பாதி நாளு வெளியூரு. ஆடிக் கிருத்திகை வந்தா மலையடிவாரத்துலயே கெடப்பாரு. வூட்டுல இருக்கிற நாள்ல சாப்ட்டியா, சாப்ட்டேன், அவ்வளவுதான் பேச்சு. நான் பத்து வார்த்த பேசினா அவரு அரை வார்த்த பேசுவாரு.

எழுபத்தஞ்சுல அரக்கோணம் ரயில்வே குவாட்டர்ஸ்ல ஒரு சட்டைக்காரக் குடும்பம், அதான் ஆங்கிலோ இந்தியங்க, ஆஸ்திரேலியாவுக்குக் கெளம்பிச்சு. தட்டுமுட்டெல்லாம் வித்துகினு போனாங்க. பாவா போயி ரெக்கார்டு பிளேயரும், பீரோ கணக்கா ஒரு பொட்டி ஸ்பீக்கரும் வாங்கியாந்தாரு. கூடவே ஒரு இங்கிலீஷு ரெக்கார்டு சும்மா குடுத்தாங்களாம். அதப் போட்டுப் பாத்தாரு. கிடாரு அடிக்கிறாங்க, டிரம்ஸு ஒடைக்கிறாங்க, எவனோ கத்தறான். அதுக்கெல்லாம் அடியில ம்ம்ம்னு ஒரு ஓசை.

அவ்வளவுதான், மைக் செட்டுக்காரருக்குத் தூக்கம் போச்சு. ஆம்ப்ளிபயர்ல கோளாறுன்னு மூணு வாட்டி கழட்டி மாட்டினாரு. கண்டன்சர் மாத்தினாரு. அப்பால, எர்த்து சரியில்லன்னு கொல்லையில குழி நோண்டி, கரியும் உப்பும் கொட்டி, இரும்புக் கம்பிய நட்டாரு. "தெனம் ரெண்டு கொடம் தண்ணி ஊத்து காஞ்சனா. எர்த்து காஞ்சா சத்தம் நிக்காது"ன்னாரு. கோடை காலம். கெணத்துல தண்ணி அடியில கெடக்குது. நமக்குக் குடிக்கவே இல்ல, நான் கம்பிக்கு ஊத்திகினு இருக்கேன். ஒரு மாசம்!

ஒரு மத்தியானம் கடையிலருந்து ஓடியாந்தாரு. அந்த மனுஷன் ஓடி நான் பாத்ததே இல்ல. "காஞ்சனா, சாமி பாட்டு போட்டா அந்த ஓசை இல்ல. இதுல மட்டும்தான் வருது. எர்த்து கோளாறுன்னா ஒரே சுதியில நிக்கணும். இது ஏறுது, எறங்குது. இது கோளாறு இல்ல, வாத்தியம்!"

"அப்ப நான் ஊத்துன தண்ணி?"

சிரிச்சாரு பாரு. கண்ணுல தண்ணி வர்ற மட்டும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன், திட்டிகினே.

அரக்கோணத்துல ரயில்வே கார்டா இருந்த ராஜவேலு அண்ணனுக்கு இங்கிலீஷு நல்லா வரும். அட்டையைப் படிச்சு அவருதான் சொன்னாரு. இது ராக்குப் பாட்டாம், அதுலயும் ப்ரோக்ரஸிவுன்னு ஒரு வகையாம். மூணு நிமிஷத்துல முடியாதாம், ஒரு பக்கம் பூரா ஒரே பாட்டு. அந்த ஓசை, சர்ச்சுல இருக்கிற பெரிய ஆர்கனாம். செவுரு முழுக்கக் குழாயி, ஒண்ணொண்ணுலயும் காத்து போயி ஊதுமாம். எல்லாத்துக்கும் பெரிய குழாயி ரெண்டு மாடி உசரமாம். முடி வளத்த பசங்க ஒரு கிராமத்துச் சர்ச்சுக்குப் போயி அத வாசிச்சுப் பதிவு பண்ணி, அவனுங்க பாட்டோட சேத்திருக்கானுங்க. சாமி வாத்தியத்தக் கொண்டாந்து கிடாருக்குப் பக்கத்துல உக்கார வெச்சுட்டானுங்கன்னு பாவா சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டாரு.

அன்னிக்குப் புடிச்சதுதான். சாயங்காலம் வேல இல்லன்னா அந்த ரெக்கார்டுதான். போடறதுக்கு முன்னாடி உள்ள எட்டிப் பாப்பாரு. "காஞ்சனா, வந்து உக்காரேன். இருபது நிமிஷம்தான்."

இருபது நிமிஷம்! எனக்கு ஏதுங்க இருபது நிமிஷம்? அஞ்சு வயசுப் பொண்ணு பத்மா ஒரு பக்கம், அடுப்புல உலை ஒரு பக்கம். "ஒரு பாட்டுக்கு இருபது நிமிஷமா? அதுக்குள்ள ஒரு கல்யாணத்தையே முடிச்சுடலாம்"னு சொல்வேன். "செவுத்துக்கு இந்தாண்ட கேக்குது, போதும்"னு சொல்வேன். "இந்தாண்ட அந்த ஓசை கேக்காது. பக்கத்துல உக்காந்தாதான்"னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் நிப்பாரு. அப்புறம் போயிடுவாரு. ஒரு தடவ போயி உக்காந்தேன். ரெண்டு நிமிஷம் ஆகல, பால் பொங்கற வாசன வந்துச்சு. எழுந்து ஓடியாந்துட்டேன்.

வேற யாருக்காவது கேக்க வெப்போம்னு தோணிச்சோ இன்னாவோ, ஒரு ஆடிக் கிருத்திகை அன்னிக்கு, காவடிக் கூட்டம் கொறஞ்ச நேரமாப் பாத்து, அடிவாரப் பந்தல்ல அந்த ரெக்கார்ட வெச்சாரு. மரத்துக்கு மரம் கூம்பு ஸ்பீக்கரு. அதுல கிடாரு கீச்சு கீச்சுன்னுச்சு, டிரம்ஸு தகரம் தட்டற மாதிரி வந்துச்சு. இவரு உசுர வெச்சிருந்த அந்த ஓசை வரவே இல்ல. கூம்புக்கு அவ்வளவு அடிச் சத்தம் தாங்காதாம். பந்தல்காரரு கஜபதி ஓடியாந்து, "யோவ், மொட்ட அடிச்சுக்க வந்த ஜனத்த ஓட்டறியா?"ன்னாரு. சுத்தி நின்னவங்க கைகொட்டிச் சிரிச்சாங்க. வூட்டுக்கு வந்து சொன்னாரு. நானும் சிரிச்சேன். அன்னிக்கு அவரு சிரிக்கல.

எழுபத்தெட்டுல, மெட்ராஸுல ஒரு பெரிய சர்ச்சுல நெசமாவே அந்த ஆர்கன் இருக்குதுன்னு தெரிஞ்சுகினு, "ஞாயித்துக்கெழம போலாம் வா"ன்னாரு. "முருகன் மலைக்கே ஏற நேரமில்ல, சர்ச்சுக்கு வரேனா?"ன்னேன். தனியாப் போயிட்டு வந்தாரு.

சாயங்காலம் நான் மொறத்துல அரிசி வெச்சு கல்லு பொறுக்கிகினு இருந்தேன். எதிர்ல வந்து தரையில உக்காந்துட்டாரு. பேசறாரு, பேசறாரு, அப்பிடிப் பேசறாரு. "பெரிய குழாயில காத்து போவும்போது பெஞ்சு அதிருது காஞ்சனா. வயித்துல தெரியுது. எல்லாரும் எழுந்து நின்னு பாடறாங்க, எனக்கு எழுந்துக்கவே முடியல. பக்கத்துல திரும்பிப் பாத்தேன், யார்கிட்டயாவது சொல்லலாம்னு. யாரும் இல்ல." சொல்லிட்டு என் மூஞ்சியவே பாத்தாரு.

நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "நல்லெண்ண வாங்கியாரச் சொன்னனே, வாங்கியாந்தீங்களா?"

"மறந்துட்டேன்"னாரு. எழுந்து போயி வாங்கியாந்தாரு.

அதுக்கப்புறம் என்னைக் கூப்டறத நிறுத்திட்டாரு. எந்த நாள்லருந்து நிறுத்தினாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அதுதான் கொடுமை. கூப்டறது காதுல வுழுந்துச்சு, கூப்டாதது வுழல. ரெக்கார்டு ஓடிகினுதான் இருந்துச்சு, சத்தம் மட்டும் கொறஞ்சுது. செவுத்துப் பக்கம் நான் ஒரு பாத்திரத்த டங்குன்னு வெச்சாகூட இன்னும் கொறப்பாரு. பரவால்லயே, மனுஷனுக்குப் புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சுகினேன். பத்து வருஷம் அப்பிடியே போச்சு.

எண்பத்தெட்டு தையில பத்மாவ அம்மையார்குப்பத்துல குடுத்தோம். அவ போனப்புறம்தான் வூடு இன்னா அளவுன்னு தெரிஞ்சுது. நான் பேசினா பதில் பேச ஆளில்ல. அவரும் அளந்துதான் பேசினாரு. தப்பு சொல்ல முடியுமா? நான் ஆசப்பட்ட நிம்மதி வந்துடுச்சு, எனக்குத்தான் தாங்கல. ஒரு சாயங்காலம் அடுப்படியில சும்மா உக்காந்திருந்தேன். அடுப்புல தண்ணி காயறதத் தவிர ஒரு வேலயும் இல்ல. செவுத்துக்கு அந்தாண்ட ரெக்கார்டு போட்டாரு. இத்தன வருஷமா அந்த மனுஷன் தனியா உக்காந்துகினு இருக்கிறாரேன்னு அப்பதான் ஒறைச்சுது. தெருவுல வேணா ஆயிரம் பேரு சிரிக்கட்டும், கட்டினவளுக்கு இன்னா வந்துச்சு கேடு? என்மேலயே எனக்கு ஆத்தரமா வந்துச்சு.

எழுந்தேன். அடுப்ப அணைச்சேன். மூஞ்சி கழுவிகினு, தலய வாரி, வேற பொடவ கட்டிகினேன். இருபது நிமிஷம் இன்னா, ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் எழுந்திரிக்கறதுன்னு கெளம்பினேன். கடைக்கதவாண்ட போயி நின்னேன். பாவா முதுகக் காட்டிகினு பொட்டி ஸ்பீக்கரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. தலையில பாதி நரைச்சுப் போயிருந்துச்சு. அந்த ஓசை தரையோட வந்து என் பாதத்துல ஏறிச்சு.

என் நெழலு வுழுந்திருக்கும் போல. திரும்பினாரு. என்னப் பாத்ததும் பதறி எழுந்து ஊசிய எடுத்துட்டாரு.

"சத்தமா இருந்துச்சா? நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன்"னாரு. ரெக்கார்ட எடுத்து அட்டைக்குள்ள போட்டுட்டாரு. "இன்னா வோணும் காஞ்சனா?"

போடுங்க பாவா, கேக்கத்தான் வந்தேன். இவ்வளவுதாங்க சொல்லணும். ஊரே நடுங்கற தொண்டை எனக்கு, அந்த நாலு வார்த்த வரல.

"காபி போடட்டுமான்னு கேக்க வந்தேன்"னேன்.

"ஆங், போடு"ன்னாரு.

உள்ள வந்து அணைச்ச அடுப்ப மறுபடி மூட்டினேன். பால் காயற வரைக்கும் செவுத்துலயே காத வெச்சுகினு இருந்தேன். அவரு மறுபடி போடவே இல்ல.